பைலோடு வரிசையில் நிற்பதும் ஜெபம்தான்

வாசகர் கடிதம்:

"அக்கா, எனக்கு 43 வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறேன். 2009 வைகாசியில், சண்டை முடிகிற நாட்களில், வட்டுவாகலில் வைத்துத்தான் என் கணவரைக் கடைசியாகக் கண்டேன். அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். தையலும் கொஞ்சம் கச்சான் தோட்டமும்தான் வருமானம். அம்மா மடு மாதாவை விடாதவர். நான் முகாமிலிருந்து வந்த பிறகு சபைக்குப் போகிறேன். ஒரு வருடமாக ஜெபிக்க உட்கார்ந்தால் சொல் வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. விடிய எழும்பினால் உடம்பு கல்லாகக் கிடக்கிறது. இவருடைய படம், கடிதங்கள் வைத்திருக்கிற பைலைத் தொட்டாலே கை நடுங்குகிறது. சபையில் ஒரு அக்கா, 'உமக்கு விசுவாசம் காணாது, அதுதான் பதில் வரவில்லை' என்கிறார். பெண்கள் ஐக்கியத்தில் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எழும்பி ஓட வேண்டும் போலிருக்கிறது. காணி பேமிற் (அரசு தந்த காணி அனுமதிப்பத்திரம்) இவருடைய பெயரில் இருப்பதால் மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் ஆண்டவரை நம்பவில்லை என்று ஆகாதா? திடமான கிறிஸ்தவப் பெண்ணாக இருப்பது எப்படி?"

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடைசிக் கேள்வியை மட்டும் கொஞ்ச நேரம் தள்ளி வைக்கிறேன். முதலில் அந்த இரண்டு மணி முழிப்பைப் பற்றிக் கதைப்போம். ஆவிக்குரிய பலத்தைக் கேட்டால் இந்த அக்கா நித்திரையில் தொடங்குகிறாவே என்று நினைக்காதீர்கள். நான் உளவளத்துணைக்காரி, போதகர் இல்லை. ஆனால் இந்த ஒழுங்கு என்னுடையது அல்ல, வேதத்தில் இருப்பதுதான்.

எலியாவை நினைத்துப் பாருங்கள். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். 'போதும் கர்த்தாவே' என்று சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகக் கேட்டவர். கர்த்தர் அவரிடம் விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், திரும்பவும் படுத்தார். தூதன் இரண்டாந்தரமும் தட்டி எழுப்பி, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு. நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்றான். மலையும் மெல்லிய சத்தமும் கேள்வியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. முதலில் சாப்பாடு, முதலில் நித்திரை. மேடையில் இந்த அதிகாரத்தைப் பேசுகிறவர்கள் நேராக மெல்லிய சத்தத்துக்கு ஓடிவிடுகிறார்கள். அடையைச் சுட்டது யார் என்று யாரும் நின்று கேட்பதில்லை.

நடுச்சாமத்தில் முழிப்பு, காலையில் உடம்பு எழும்ப மறுப்பது, முன்பு ஆறுதல் தந்த ஜெபமே வெறுமையாகிப் போவது, இவ்வளவும் ஒரு வருடமாக இருக்கிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது மனச்சோர்வு நோய். நீரிழிவு போல, பிரஷர் போல அதுவும் ஒரு நோய். மருந்தும் இருக்கிறது, கதைத்துக் குணமாக்கும் வழியும் இருக்கிறது. மாஞ்சோலையில் உள்ள மாவட்ட வைத்தியசாலையில் உளநலப் பிரிவு எந்த நாள் நடக்கிறது என்று ஓபிடியில் கேளுங்கள். காசு கட்டத் தேவையில்லை. 'மனநோய் கிளினிக்குக்குப் போகிறாள்' என்று ஊர் கதைக்குமே என்றால், பிரஷர் கிளினிக் என்று சொல்லிவிட்டுப் போங்கள். இரத்தமும் சோதிக்கச் சொல்லுங்கள். இரத்தக் குறைவும் தைரொயிட் பிரச்சினையும் கூட உடம்பைக் கல்லாக்கும்.

ஒன்றை நேராகவே கேட்கிறேன். செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு வருகிறதா? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விடுகிறவர்கள் பலர். வந்தால் கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம். 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். அம்மாவை எழுப்பிச் சொல்லுங்கள். அதைச் சொல்வது பாவ அறிக்கை இல்லை, காய்ச்சல் என்று சொல்வது போலத்தான்.

கிளினிக்குக்குப் போகும்வரை சபையின் முழு இரவு ஜெபத்தையும் உபவாசத்தையும் நிறுத்தி வையுங்கள். போதகரிடம், 'எனக்கு நித்திரை இல்லை, டொக்டரிடம் போகிறேன், கொஞ்ச நாள் வரமாட்டேன்' என்று சொன்னால் போதும். நல்ல போதகர் என்றால் விளங்கிக்கொள்வார்.

அடுத்தது விசுவாசம் காணாது என்ற அக்கா. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குப் பயம். உங்களுக்கு நடந்தது தனக்கும் நடக்கலாம் என்று ஒத்துக்கொள்ள அவரால் முடியாது. அதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை உங்கள் தலையில் வைக்கிறார். அதற்காக அந்தச் சொல்லை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. மாத்தளனில், வலைஞர்மடத்தில், முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் ஜெபிக்காத ஆள் யார்? சைவக்காரரும் கிறிஸ்தவர்களும் எல்லாம் ஒரே பங்கருக்குள் இருந்துதானே கும்பிட்டார்கள். வெளியே வந்தவர்களின் ஜெபம் பெரிது, வராதவர்களின் ஜெபம் சிறிது என்று அளக்க எந்த மனிதனுக்கு உரிமை இருக்கிறது? பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்ததும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்ததும் அல்ல என்று இயேசு அந்தக் கணக்கையே மூடிவிட்டார்.

அந்த அக்காவிடம் வாதாட வேண்டாம். இப்படி ஒரு வசனம் மட்டும் தயாராக வைத்திருங்கள்: "அக்கா, விளக்கம் வேண்டாம், பக்கத்தில கொஞ்ச நேரம் இருங்கோ." யோபுவின் சிநேகிதர்கள் மூவரும் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அதுதான். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் பிழையாகப் போனது.

இனிக் குணசாலியான ஸ்திரீ. நீங்கள் எழும்பி ஓட நினைத்ததை வாசித்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். நானும் ஒருமுறை அப்படி எழும்பி வெளியே போய்த் தேநீர் குடித்திருக்கிறேன். நீதிமொழிகள் 31ஐ இன்று இரவு ஆறுதலாக வாசியுங்கள். அந்தப் பெண் இருட்டோடே எழுந்திருக்கிறாள், சரி. அதே வசனத்தில் 'தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்' என்றும் இருக்கிறது. வேலைக்காரிகள்! அந்தப் பாதியை ஐக்கியக் கூட்டத்தில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் கீழே வந்தால் 23ஆம் வசனம். அவளுடைய புருஷன் தேசத்து மூப்பர்களோடு நியாயஸ்தலத்தில் உட்கார்ந்திருக்கிறான். உங்கள் வீட்டில் நியாயஸ்தல வாசலில் போய் நிற்கிறதும் நீங்கள்தான், இருட்டோடே எழும்புகிறதும் நீங்கள்தான், மெசினில் இருக்கிறதும் நீங்கள்தான், கச்சான் பிடுங்குகிறதும் நீங்கள்தான். உங்களோடு ஒப்பிட அந்த அதிகாரம் சரிவராது.

உங்களுக்கு வேறொரு பெண்ணைக் காட்டுகிறேன். பெரும்பாலான சபைகளில் இவள் பெயரில் பிரசங்கமே கிடையாது. ரிஸ்பாள். 2 சாமுவேல் 21.

தேசத்தில் மூன்று வருடப் பஞ்சம். அதைத் தீர்க்கிறேன் என்று தாவீது ராஜா, முந்திய ராஜா சவுலின் வம்சத்து ஆண்கள் ஏழு பேரை, சவுல் முன்பு கொன்ற இனமான கிபியோனியரிடம் ஒப்புக்கொடுக்கிறார். இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள். மலையில் கொன்று தூக்கிவிட்டார்கள், அடக்கம் இல்லை. ரிஸ்பாள் ஒரு இரட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையில் விரித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். இரட்டு என்றால் நாங்கள் சொல்கிற சாக்குத்தான். அறுவடை தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவையும் இரவில் மிருகமும் அந்த உடல்களைத் தொடாமல் காத்தாள். அந்த நாட்டுக் காலநிலைக்கு அது ஏறக்குறைய எங்கள் சிறுபோக விதைப்பு முடிந்து மாரி இறங்கும்வரை. வன்னி வெயிலில் பாறையில் ஒரு சாக்கை விரித்து ஒரு நாள் இருந்து பார்த்தால் அது எவ்வளவு என்று விளங்கும்.

அவள் ஒரு சொல்கூடப் பேசியதாக வேதத்தில் இல்லை. ஜெபித்தாள் என்றும் இல்லை. செய்தி ராஜாவின் காதுக்குப் போகிறது. ஒப்புக்கொடுத்த அதே ராஜா, எலும்புகளைப் பொறுக்கி எடுத்து அடக்கம் பண்ண வைக்கிறார். அதற்குப் பிறகுதான் தேவன் தேசத்துக்காகச் செய்த விண்ணப்பத்தைக் கேட்டார் என்று 14ஆம் வசனம் சொல்கிறது. ஏழு பேரைக் கொன்றபோது அல்ல. எலும்புகள் மண்ணுக்குப் போன பிறகு.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 மாசி 20ஆம் திகதி, காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டு அம்மாமார் போராட்டத்தில் உட்கார்ந்தபோது நான் ஒருநாள் அவர்களோடு போயிருந்தேன். தறப்பாளுக்குக் கீழே பாயில் ஓர் அம்மா மகனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ரிஸ்பாள்தான் ஞாபகம் வந்தாள். பலம் என்றால் எனக்கு அன்றிலிருந்து அந்த உருவம்தான்.

பொறுமை என்ற சொல்லை நானும் ஒருகாலம் பிழையாகப் பாவித்தவள். 2010இல் செட்டிகுளம் முகாமில் வேலை செய்தபோது, தண்ணி வரிசையில் சண்டை பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வயதான அம்மாவிடம், 'பொறுமையாக இருங்கள் அம்மா' என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "பொறுமையாத்தான் இருக்கிறன் பிள்ளை. சும்மாதான் இருக்கேலாது" என்றார். பயிற்சி வகுப்பு எதிலும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை.

லூக்கா 18க்கு வாருங்கள். சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ண வேண்டும் என்பதற்கு இயேசு ஓர் உவமை சொல்கிறார். அதில் வருகிறவள் ஆலயத்தில் முழங்காலில் நிற்கிறவள் இல்லை. ஓர் அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிற பெண். எதிரே இருக்கிறவன் தேவனுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத நியாயாதிபதி. கடைசியில் அவனே, 'இவள் அடிக்கடி வந்து என்னை அலட்டாதபடி' நியாயம் செய்துவிடுவோம் என்கிறான். அலட்டுவது! எங்கள் வீட்டுப் பேச்சில் பிள்ளைகளை ஏசுகிற சொல். சோர்ந்துபோகாத ஜெபத்துக்கு இயேசுவே காட்டிய மாதிரி, அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் அலட்டுகிற ஒரு பெண். அவளை வேதம் விதவை என்கிறது. உங்களை நான் அப்படிச் சொல்லவில்லை, அந்தச் சொல்லை யாரும் உங்கள்மேல் வைக்கவும் வேண்டாம்.

ஆகவே ஜெபத்துக்குச் சொல் வராத இந்த ஒரு வருடத்திலும் நீங்கள் ஜெபிக்காமல் இருந்ததில்லை. அந்தப் பைலை உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய் எந்த வரிசையில் நின்றீர்களோ, அது ஜெபம். இப்போது கை நடுங்கினால் பைலைக் கொஞ்ச நாள் மகளிடமோ நம்பிக்கையான வேறொருவரிடமோ கொடுத்து வையுங்கள். பிரதி ஒன்று எடுத்து வேறிடத்திலும் வையுங்கள். ரிஸ்பாளுக்குப் பதிலாக நிற்க வேறு ஆள் இல்லை. உங்களுக்கு இருக்கலாம்.

உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும் என்று மனம் கேட்டால் சங்கீதம் 88ஐ எடுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் அழுது தொடங்கித் துதியில் முடியும். இது முடியாது. 'மறைந்துபோனார்கள்' என்ற சொல்லோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆறுதல். வாசிக்கவும் முடியாவிட்டால் சும்மா இருங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சு என்று பவுல் ரோமருக்கு எழுதியது இதைத்தான். மெசினை மிதிக்கும்போது ஒரு வரி போதும்: "ஆண்டவரே, இந்தச் சட்டை முடியட்டும்." அவ்வளவுதான்.

அம்மாவின் செபமாலையை வீண் வார்த்தை என்று சபையில் யாராவது சொல்லியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சொல் வராத நேரத்தில் கைக்குப் பிடிக்க ஒன்று வேண்டும் என்று அந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. தவக்காலத்தில் பசாம், அதாவது இயேசுவின் பாடுகளைச் சொல்கிற பாட்டு, படிக்கிறவர்களைச் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். ஒப்பாரியின் ராகம் அதில் இருக்கும். எங்கள் சபைகள் கைதட்டைக் கொண்டுவந்து அழுகையை வெளியே வைத்துவிட்டன என்பது என்னுடைய பழைய கோபம். அம்மாவிடம் கேளுங்கள், மடு மாதாவே இடம்பெயர்ந்தவள் என்று சொல்வார். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் வந்த சுரூபம், 2008 சித்திரையில் ஷெல்லுக்குப் பயந்து தேவன்பிட்டிக்குப் போய் அந்த ஆவணியில் திரும்பி வந்தது. வருகிற ஆவணியில் அம்மாவோடு போய் அந்தப் பாலை மர நிழலில் ஒருநாள் இருந்துவிட்டு வாருங்கள். மாதாவிடம் மன்றாட மனம் ஒப்பாவிட்டால் மன்றாட வேண்டாம். அம்மா மன்றாடுவார், நீங்கள் சோறு கட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக மரணச் சான்றிதழ். இதில்தான் உங்கள் நெஞ்சு அதிகம் இறுகியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் செத்தவீடு என்றால் எட்டு இருக்கிறது, முப்பத்தொன்று இருக்கிறது, ஆண்டுத் திவசம் இருக்கிறது. வேதக்காரருக்கும் ஜெபக்கூட்டம், பூசை என்று ஒரு படி இருக்கிறது. உங்களுக்கு அந்தப் படி ஒன்றுமே இல்லை. வியட்நாம் போரில் காணாமல்போன அமெரிக்க விமானிகளின் மனைவியரோடு 1970களில் வேலை செய்த போலின் பொஸ் என்ற ஆய்வாளர் இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் தெளிவற்ற இழப்பு என்கிறோம். இதை முடித்துவை, மறந்துவிடு என்று அந்தப் பெண்களை நெருக்கக் கூடாது என்பது அவருடைய வாதம். 'அவர் இல்லை' என்பதையும் 'அவர் இருக்கக்கூடும்' என்பதையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு சமைக்கவும் பிள்ளை வளர்க்கவும் முடியும். நீங்கள் இவ்வளவு வருடமாகச் செய்வதே அதுதான். அது குழப்பமோ விசுவாசக் குறைவோ அல்ல.

காணாமல்போனவரின் மரணத்தைப் பதிய வழி வைத்த தற்காலிகச் சட்டம் 2010இல் வந்தது. 2016இல் அதைத் திருத்தி, மரணம் என்று எழுதாமல், ஆள் காணாமல்போனதையே உறுதிப்படுத்துகிற சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 'எனக்கு மரணச் சான்றிதழ் வேண்டாம், காணாமல்போனமைக்கான சான்றிதழ்தான் வேண்டும்' என்று கேட்பது உங்கள் உரிமை. அது காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தோடு தொடர்புபட்டது. அந்த அலுவலகத்தில் அம்மாமாருக்கு நம்பிக்கை இல்லை என்பது எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். சான்றிதழ் எடுப்பதால் தேடலை விட்டதாக ஆகாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். காணி பேமிற்றுக்கு எந்தச் சான்றிதழ் சரிவரும் என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். கையெழுத்து வைக்கும் முன் சட்ட உதவி ஆணைக்குழுவிலும் ஒருமுறை காட்டுங்கள். போகும்போது தனியாகப் போக வேண்டாம். அங்கே பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரைப் பிடியுங்கள்.

இராயனுடையதை இராயனுக்குக் கொடுங்கள் என்றார் இயேசு. கடதாசி இராயனுடையது, அதாவது அரசாங்கத்துடையது. அதில் என்ன எழுதினாலும் உங்கள் நெஞ்சில் இருப்பதற்கு அது சாட்சி சொல்லாது. ஆனாலும், மரணம் என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்து வைக்க உங்களால் முடியாது என்றால் வைக்காதீர்கள். காணி காத்திருக்கும். அவசரம் மற்றவர்களுடையது.

மகளிடம் இதெல்லாம் கதைத்தீர்களா? பரீட்சை நேரம், பிள்ளைக்குச் சொல்லக் கூடாது என்று நினைக்கிறீர்கள் போல. அவள் இரண்டு மணிக்கு நீங்கள் முழித்திருப்பதை நிச்சயம் அறிவாள். முழுக்கக் கொட்ட வேண்டாம். 'அம்மாவுக்கு நித்திரை இல்லை, டொக்டரிடம் போகிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள்.

திடமான கிறிஸ்தவப் பெண்ணாக இருப்பது எப்படி என்ற கேள்வியை நான் மறக்கவில்லை. கல்லான உடம்போடு எழும்பி, பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டு, மெசினில் இருந்து, இரவில் எனக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இதைவிடத் திடம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து எழுதுங்கள். நீளமாக வேண்டாம். எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது என்று மட்டும் எழுதினாலும் போதும்.

அன்புடன்,
அக்கா